பூ உம்மாவின் முதல் மிடறு

அவர் எனக்கு முதன்முதலில் தந்த தேநீர் நீலமாக இருந்தது. லேசான நீலம் இல்லை, மைப்போத்தல் நீலம். கண்டியில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. நீல நிறத்தில் எந்தத் திரவத்தைக் கண்டாலும் போத்தலைத் திருப்பி, ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது கைப்பழக்கமாகவே போயிருந்தது. கோப்பையைத் திருப்பிப் பார்க்க முடியாதே. நானும் என் கணவரும் திகனவில் அவருடைய வீட்டு மேல்மாடிக்குக் குடிவந்து ஒரு மணித்தியாலம் கூட ஆகவில்லை. எங்கள் அலுமாரி பாதிப் படியில் சிக்கி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு, கையில் தட்டோடு வீட்டுக்கார அம்மா ஏறி வந்து நிற்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. என் கோப்பையிலிருந்து கொஞ்சத்தைச் சோசரில் ஊற்றி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் குடித்தார். குடித்துவிட்டுச் சும்மா நின்றார். உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

“பொறுங்க மகள்” என்றார். பொறுத்தேன். என் கணவரும் அலுமாரியைத் தோளில் தாங்கியபடி பொறுத்தார். பிறகு, “இப்ப குடிங்க. நான் குடிச்சிட்டேன் தானே” என்று கோப்பையைத் தந்தார்.

தந்த கையோடு ஒரு தேசிக்காய்த் துண்டை அதில் பிழிந்தார். நீலம் என் கண் முன்னாலேயே கத்தரிப்பூ நிறமாகிப் பிறகு இளஞ்சிவப்பானது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வித்தையை அவர் எத்தனையோ தடவை செய்திருப்பார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலத்தான் சிரிப்பு வரும். தேநீர் குடிக்க நன்றாகவே இருந்தது. ஆனாலும் பாதியை அப்படியே வைத்துவிட்டேன். குடித்துப் பார்த்துக் கொடுக்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் புத்தி போனது.

தெருவில் எல்லோருக்கும் அவர் பூ உம்மா. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாடகைப் பத்திரத்தில் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, எப்போதும் வெளிறிய நிறத்தில் ஒரு முக்காடு. விரல் நுனிகளை மட்டும் பார்த்து அன்றைக்கு என்ன பூ பறித்தார் என்று சொல்லிவிடலாம். கேட்டின் கம்பியெல்லாம் சங்குப்பூக் கொடி. சுவரோரம் இரண்டு செவ்வரத்தை, செம்பருத்தி என்பார்களே, அது. கிணற்றடியில் நாட்டு ரோஜா. ஆவாரம்பூவும் வில்வம்பூவும் சந்தையில் வாங்குவார். வாங்கியதையும் வீட்டில் கொட்டி ஒவ்வொரு பூவாகப் புரட்டிப் பார்த்துத்தான் போத்தலில் போடுவார்.

குசினி ஜன்னலில் அந்தப் போத்தல்கள் வரிசையாக நிற்கும். காலை வெயில் விழுந்தால் சுவரெல்லாம் நிறம். தண்ணீர் கொதித்ததும் ஊற்ற மாட்டார். கேத்தலை இறக்கிவைத்து அதன் சத்தம் அடங்கும் வரை நிற்பார். பிறகு கண்ணாடிச் சாடியில் பூவைப் போட்டு ஊற்றிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்காருவார். ஒரு நாள் அவசரத்தில் நான் கரண்டியை எடுத்துக் கலக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“நெறம் தானா எறங்கோணும் மகள். கலக்கி எடுத்தா அது களவு.”

குடிப்பதிலும் அவருக்கு அவசரம் கிடையாது. கோப்பையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், பிறகு மணப்பார், பிறகு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு. மழை நாளில் ஆவாரம்பூ, வெக்கை நாளில் வில்வம்பூ, பிள்ளைகளுக்குச் சங்குப்பூ, மனம் சரியில்லாதவர்களுக்கு ரோஜா. அவருக்குச் செவ்வரத்தைதான் உயிர். இரத்தச் சிவப்பில் அதை அவர் குடிப்பதைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, என் கதை அதுதான்.

என் கணவருக்கு எல்லாம் விளையாட்டு. “ராசா வீட்டுலதான் சாப்பாட்ட ருசி பாக்க ஆள் வச்சிருந்தாங்களாம். நமக்கு வீட்டுக்காரம்மாவே பாக்குறாங்க. குடுத்து வச்சிருக்கணும்” என்பார்.

எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை. ஒரு நாள் கரண்ட் மீட்டர் பார்க்க ஒரு புது ஆள் வந்தார். வெயிலில் வந்தவர், முற்றத்தில் தட்டோடு நின்ற உம்மாவைக் கண்டதும் தனக்குத்தான் என்று நினைத்துக் கோப்பையை எடுத்து வாயில் வைத்துவிட்டார். உம்மா கத்திய கத்தலை மேலே படியில் நின்ற நான் கேட்டேன். பாய்ந்து கோப்பையைப் பறித்தார். செவ்வரத்தைத் தேநீர் அந்த மனிதரின் வெள்ளைச் சட்டையில் கொட்டிப் பெரிய சிவப்பாகப் படர்ந்தது. அவர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். உம்மா சிரிக்கவில்லை. சாடியில் மிச்சமிருந்ததைத் தானே ஊற்றிக் குடித்தார். முழுவதையும் குடித்தார். அன்று முழுக்க நான் கீழே இறங்கவில்லை. இந்த வீட்டை விட்டுப் போய்விடலாமா என்று கணவரிடம் கேட்டேன்.

காரணம் நோன்பு மாதத்தில்தான் தெரிய வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு சிங்கள டீச்சர் இருந்தார். தொண்டை கட்டி, குரலே வராமல், வில்வம்பூத் தேநீர் கேட்டு உம்மாவிடம் வந்தார். உம்மா வாசலிலேயே நின்று, காய்ந்த பூவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, உங்கள் வீட்டில் அவித்துக் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். டீச்சரின் முகம் விழுந்துபோனது. நான் கொஞ்சம் வாய்க்காரி.

“என்ன உம்மா, ஒரு கோப்பை ஊத்திக் குடுத்தா என்ன? பாவம், குரலே இல்லாம வந்திருக்காங்க.”

“நோம்பு மகள்.”

“நோம்பு உங்களுக்குத்தானே?”

“எனக்குத்தான். அதுக்குத்தான் செல்றேன். குடிச்சுப் பாக்க ஏலாதே!”

அவர் படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வேறொரு ஊரில், அவர் கணவர் உயிரோடு இருந்த காலத்தில், இருவரும் சேர்ந்து ஒரு தேத்தண்ணிக் கடை நடத்தினார்களாம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம், பஸ்ஸில் வந்திறங்கிய சிங்கள இளம்பெண் ஒருத்தி இஞ்சி போட்ட பிளேன்டீ வாங்கிக் குடித்தாள். குடித்த இடத்திலேயே மயங்கி விழுந்தாள்.

“பசியோ, வெயிலோ. ஆராரோ கூடிட்டாங்க. டீயில என்னமோ போட்டு ஈக்கு, எங்கட பொம்புளைகளுக்குப் புள்ள இல்லாமப் பண்ணப் பாக்குறாங்க எண்டு ஒருத்தன் சென்னான். அவ்வளவுதான். அசர் தொழுகைக்கு முந்தி கட இல்ல.”

“அந்தப் பொண்ணு?”

“எழும்பி, காலைல இருந்து ஒண்டும் தின்னல்ல எண்டு சென்னாளாம். ஆருக்குக் கேட்ட? அந்த டீய ஊத்தினது நான் மகள். நான் ஒரு மொடறு குடிச்சுக் காட்டி ஈந்தா...”

அவர் கணவர் அதற்குப் பிறகு எந்தக் கடையும் திறக்கவில்லை. நெஞ்சுவலியில் போய்விட்டார். அன்று நோன்பு திறந்த கையோடு உம்மா சாடியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனதை நான் மேலிருந்து பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் பயந்தது தேநீருக்கு அல்ல, குடிக்கிற எங்களுக்கு. இது என் மண்டையில் ஏறுவதற்கு இவ்வளவு நாள் தேவைப்பட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் அதைச் செய்தேன். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எனக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்திருந்தன. முதலாவது, கண்டி பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போனதால் என்றார்கள். இரண்டாவது, கடையில் நாள் முழுக்க நின்றதால் என்றார்கள். இரண்டுக்கும் நான்தான் காரணம். யாரும் சண்டை பிடிக்கவில்லை. மெதுவாக, அன்பாகவே சொன்னார்கள். மூன்றாவது தங்கியபோது யாரிடமும் சொல்லப் பயம். உம்மாவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. படியில் நான் வாந்தி எடுத்ததைப் பார்த்தவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஜன்னலில் செவ்வரத்தைப் போத்தல் இல்லை. அலுமாரி மேல் ஏற்றிவிட்டிருந்தார்.

“செவ்வரத்த வயித்துப் புள்ளைக்கு ஆகா எண்டு செல்ற. மெய்யோ பொய்யோ, நமக்கென்னத்துக்கு? எட்டாத எடத்துல ஈக்கட்டும். பொறந்த பொறகு ரெண்டு பேரும் சேர்ந்து குடிப்பம்.”

அன்றிலிருந்து எனக்கு வில்வம்பூ மட்டும். அதுவும் அரைக் கோப்பை. முதலில் அவர் குடிப்பார். குடித்துவிட்டு என் கோப்பையை ஒரு தட்டால் மூடி, படியில் என்னோடு அரை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பார். தன் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயமான பிறகுதான் தட்டை எடுப்பார். தேநீர் பச்சைத் தண்ணீராகிவிட்டிருக்கும். அதை நான் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பேன். என் பிள்ளைக்காக ஒருத்தர் அவ்வளவு பயப்படுவது எனக்குப் பிடித்திருந்தது. தனியாகப் பயந்து பயந்து அலுத்துப் போயிருந்தேன்.

நாலாவது மாதம் என் மாமியார் தெல்தோட்டையிலிருந்து எனக்குத் துணையாக வந்தார். கொழுந்து பறித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர், நல்லவர், இந்தப் பிள்ளைக்காகக் கோயில் கோயிலாக நேர்ந்து வைத்தவர். அவருக்கு ஜன்னல் போத்தல்கள் பிடிக்கவில்லை.

“கண்டவங்க குடுக்குறத எல்லாம் குடிக்கிற நேரமா இது? வயித்துல இருக்கிறது நமக்கு லேசுல கெடச்சதா?” என்றார்.

“அவங்க குடிச்சுப் பாத்துட்டுத்தான் அத்தை குடுக்குறாங்க.”

“அது ஏன் குடிச்சுப் பாக்கணும்?”

எனக்கே வந்த சந்தேகம்தான் அது. அவரிடம் நான் அந்தக் கடைக் கதையைச் சொல்லியிருக்கலாம். அடுத்தவர் கதையை நாம் ஏன் சொல்வது என்று விட்டுவிட்டேன். நான் கெட்டிக்காரி என்று நினைப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு இரத்தம் போகத் தொடங்கியது. மாமியார் அலறிய சத்தத்தில் தெருவே கூடியது. த்ரீவீல் வந்தது. உம்மா வெறுங்காலோடு ஓடிவந்து தன் கட்டில் விரிப்பை மடித்து சீட்டில் போட்டு என்னை உட்காரவைத்தார். அவர் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. அன்று காலையும் அவர் கையால் அரைக் கோப்பை வில்வம்பூத் தேநீர் குடித்திருந்தேன். வழியெல்லாம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போகாதே, போகாதே என்று பிள்ளையிடம் கெஞ்சிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டார், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று. வழக்கமாகக் கேட்கிற கேள்வி. பாணும் சம்பலும் என்றேன். கீழ்வீட்டு உம்மா பூத்தேத்தண்ணி தந்தார் என்றேன்.

மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்தார். “செவ்வரத்தையா?”

இல்லை. ஒரு சொல். அதைச் சொல்ல மூச்சுக் கூடத் தேவையில்லை. நான் சொல்லவில்லை.

ஏன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டிருக்கிறேன். வலி, மயக்கம், பயம் என்றெல்லாம் எனக்குச் சாதகமாக வாதாடியும் பார்த்துவிட்டேன். உண்மை இதுதான்: இந்தப் பிள்ளையும் போய்விட்டது என்றே அந்த நிமிடம் நினைத்தேன். இனி என்ன சொல்வார்கள்? நடந்தாய், நின்றாய், குனிந்தாய் என்பார்கள். மாமியார் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, முதல் தடவையாக, குற்றம் என் தலையிலிருந்து இறங்கி வேறொரு தலைக்குப் போகப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது போகட்டும் என்று விட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது எனக்குத் தெரியாத பழமொழி இல்லை.

பின்னேரம் ஸ்கேன் பார்த்தார்கள். பிள்ளையின் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. டொக்டர் அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, அதனால்தான் இரத்தம், அசையாமல் படுத்திருங்கள், காப்பாற்றிவிடலாம் என்றார். குடித்த எதற்கும் இதில் சம்பந்தமில்லை என்று நான் கேட்காமலே சொன்னார். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆனால் அதற்குள் மாமியார் வார்ட்டில் எல்லோரிடமும் அழுது முடித்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். மறுநாள் காலை என் கணவர் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. போனைக் காட்டினார். யாரோ ஒரு ஆண்குரல், சிங்களத்தில்: திகனவில் ஒரு வீட்டில் கர்ப்பிணிகளுக்குப் பூத்தண்ணி கொடுத்துக் கருவைக் கலைக்கிறார்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்.

“நீ என்ன சொன்ன?” என்று கேட்டார்.

“ஒண்ணுமே சொல்லல” என்றேன். அதுதான் நடந்தது.

அசருக்கு முந்தி கட இல்ல. உம்மாவின் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன், பதினொன்று. பின்னேரம் அசருக்கு இன்னும் நாலு மணித்தியாலம்தான். எழும்பக் கூடாது என்று கட்டிலில் போட்டிருக்கிறார்கள். எழும்பினால் பிள்ளைக்கு ஆபத்து. படுத்திருந்தால் உம்மாவுக்கு. கணவரை உடனே வீட்டுக்குப் போகச் சொன்னேன். டொக்டர் சொன்னதை என் வாயாலேயே சிங்களத்திலும் தமிழிலும் போனில் பேசி, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். மூன்று பேர் பார்த்தார்கள். ஒருத்தி, கடவுள் காப்பாற்றுவார் என்று கைகூப்பும் படம் அனுப்பினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மாமியார் என் கட்டிலருகே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நான் எதையாவது நெனச்சா சொன்னேன்? எம் பேரப்புள்ள போயிருச்சேன்னு அழுதேன். அவ்வளவுதானே...” அவரை நான் திட்டவில்லை. திட்டும் தகுதி எனக்கு இல்லை.

அன்று மத்தியானம் இரண்டு மோட்டார் சைக்கிளில் நாலு பேர் வந்தார்களாம். கேட்டைத் தட்டி, என்ன அவிக்கிறாய், கொண்டுவந்து காட்டு என்றார்களாம். உம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டு டீச்சர் வந்து கேட்டுக்கு முன்னால் நின்று, அவர்களில் ஒருவனைப் பெயர் சொல்லி அழைத்து, நீ என் வகுப்பில் படித்தவன் தானே என்று கேட்டாராம். அதற்குள் என் கணவரும் வந்து சேர்ந்து, என் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று கத்தியிருக்கிறார். அவர்கள் போய்விட்டார்கள். போகும்போது ஒருவன் கேட்டைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனான். அந்தப் படம்தான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது என்று கணவர் சொன்னார்.

ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கேட்டில் கொடி இல்லை. வெறும் கம்பி. சுவரோரம் இரண்டு செவ்வரத்தையும் அடியோடு வெட்டுப்பட்டு, வெட்டிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது. ரோஜாவையும் விடவில்லை. குசினி ஜன்னல் வெறுமையாக இருந்தது. “உம்மாவே வெட்டிப் போட்டுட்டாங்க” என்று என்னைப் பிடித்துக் கூட்டிவந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் படி ஏறாமல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவு திறக்க நேரம் எடுத்தது. உள்ளிருந்து, “ஆரு?” என்று இரண்டு தடவை கேட்டார். திறந்ததும் என் வயிற்றைத்தான் பார்த்தார்.

“புள்ள ஈக்கா?”

“இருக்கு உம்மா.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைக் கதிரையில் உட்காரவைத்து, கேத்தலில் சுடுதண்ணியும் கடையில் வாங்கிய தேயிலைப் பெட்டியும் கொண்டுவந்து வைத்தார். பெட்டி பிரிக்கப்படவில்லை. மேலே ஒட்டிய கண்ணாடித்தாள் அப்படியே இருந்தது. “நீங்களே ஒடைங்க மகள். தேதியும் ஈக்கு, பாருங்க” என்றார். நான் பெட்டியைத் தொடவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அவர் எதிரே உட்கார்ந்தார். தன் விரல்களை மடியில் விரித்துப் பார்த்தார். கறை இல்லாத விரல்களை அன்றுதான் பார்த்தேன்.

“ஒண்டு கேக்கட்டா? மறைக்காமச் செல்லுங்க. அண்டைக்கு நான் ஒங்களுக்கு மாறிக் கீறி செவ்வரத்தயத் தந்துட்டேனா?”

“உம்மா...”

“ஆறு நாளா யோசிக்கிறேன். போத்தல எறக்கின ஞாபகம் இல்ல. எண்டாலும் வயசு போகுது தானே. எல்லாரும் ஒரே மாதிரி செல்ல, எனக்கே சந்தேகம் வந்திட்டு. தூங்க ஏலா மகள்.”

“இல்ல உம்மா” என்றேன். “வில்வம்பூதான். நான் பாத்தேன், குடிச்சேன். செவ்வரத்தை இல்ல. அத்தை கேட்டப்ப நான் இல்லன்னு சொல்லல, அதுதான் நடந்துச்சு. நான்தான் சொல்லல. இல்ல உம்மா, இல்லவே இல்ல.”

எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து வந்து, என் முக்காடில்லாத தலையைத் தடவிக் கொடுத்தார்.

“என்ட மனசு ஆறட்டும் எண்டு பழிய ஒங்கட தலைல போட்டுக்கொள்றீங்க” என்றார். “நல்ல மனசு மகள் ஒங்களுக்கு.”